காலிச் சுவருக்கு வந்த விருந்தாளி

1950இல் கொரியப் போர் மூண்டபோது, சியோல் நகரில் ஜவுளித் தொழிலில் செழித்திருந்த ஒரு குடும்பம் போட்டது போட்டபடி நாட்டை விட்டுக் கிளம்பி, கடைசியில் ஜப்பானில் போய்ச் சேர்ந்தது. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு அப்போது பதினெட்டு வயது. பெயர் நாம் ஜூன் பைக். சின்ன வயதிலேயே பியானோ பழகிய கை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இசை, கலை வரலாறு, அழகியல் எல்லாம் படித்தார். மேற்கத்திய இசையின் பழைய சுர ஒழுங்கையே கலைத்துப் போட்ட ஆர்னால்ட் ஷோன்பெர்கைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினார். 1956இல் மேல்படிப்புக்காக மேற்கு ஜெர்மனிக்குப் போனார். நல்ல ஆசிரியர்கள் வாய்த்தார்கள். இசையமைப்பாளர் ஆவதற்கான பாதை நேராகவே போய்க்கொண்டிருந்தது, 1958இல் டார்ம்ஸ்டாட் நகரில் ஓர் அமெரிக்கரைச் சந்திக்கும்வரை.

அந்த அமெரிக்கர் ஜான் கேஜ். பியானோவின் மூடியைத் திறந்து, தந்திகளுக்கு நடுவே திருகாணிகளையும் ரப்பர் துண்டுகளையும் செருகி, அந்த வாத்தியத்திலிருந்து யாரும் கேட்டிராத ஒலிகளை வரவழைத்தவர். 1952இல் அவர் உருவாக்கிய ஒரு படைப்பில், கலைஞர் மேடையேறி 4 நிமிடம் 33 நொடிகளுக்கு ஒரு சுரம்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருப்பார். அரங்கில் தானாக எழும் இருமலும் நாற்காலிச் சத்தமும்தான் இசை. பைக்குக்குள் அதுவரை கட்டி வைத்திருந்த எல்லாம் ஆட்டம் கண்டது. ஒரு வாத்தியம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டும்தான் பயன்பட வேண்டுமா? மூடியைத் திறந்து உள்ளே கைவைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

குருவுக்கு இந்தச் சீடர் செலுத்திய மரியாதையும் விசித்திரமாகத்தான் இருந்தது. 1960இல் கொலோன் நகரில், ஓவியர் மேரி பவர்மைஸ்டரின் கலைக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி. வாசித்துக்கொண்டிருந்த பைக் திடீரென்று எழுந்து பார்வையாளர்களுக்கு நடுவே பாய்ந்தார். அங்கே உட்கார்ந்திருந்த ஜான் கேஜின் டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார், தலையில் ஷாம்பூவை ஊற்றினார், அப்படியே வெளியே போய்விட்டார். திகைத்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அழைப்பு வந்தது. நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று வெளியிலிருந்து பைக்தான் தகவல் சொன்னார். பியானோவில் கைவைத்தாயிற்று, மேடை மரபில் கைவைத்தாயிற்று. இனி கைவைக்க என்ன மிச்சம் இருந்தது?

பதில் அதே கொலோன் நகரத்தில் காத்திருந்தது. மேற்கு ஜெர்மனி வானொலியின் மின்னணு இசைக்கூடம் அங்கேதான் இருந்தது. ஸ்டாக்ஹவுசன் போன்ற இசையமைப்பாளர்கள் அங்கே வாத்தியமே இல்லாமல், மின்னலைகளை உண்டாக்கும் கருவிகளைக் கொண்டு இசை படைத்துக்கொண்டிருந்தார்கள். நாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியைச் செதுக்கினார்கள். பக்கத்தில் இருந்து இதைப் பார்த்த பைக்குக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. இசை என்பது கடைசியில் ஏறி இறங்கும் மின்சாரம். தொலைக்காட்சியில் தெரியும் படமும் அதே ஏறி இறங்கும் மின்சாரம்தான். ஒலியை இப்படி வளைக்க முடியுமானால், படத்தை ஏன் வளைக்க முடியாது?

இந்தத் திசையில் ஏற்கெனவே யோசித்தவர் ஒருவர் இருந்தார். ஜெர்மன் ஓவியர் கார்ல் ஓட்டோ கோட்ஸ். இரண்டாம் உலகப் போரில் நார்வேயில் பணியாற்றியபோது ரேடார் திரைகளில் தோன்றிய மின்னணுக் குழப்பங்களை அவர் ஓவியக் கண்ணோடு பார்த்தவர். மின்னணுத் திரையில் ஓவியம் தீட்டலாம் என்ற எண்ணத்தைக் கலை வட்டாரத்தில் விதைத்தவரும் அவர்தான். அந்த விதை பைக்கிடம் விழுந்தது. பைக் தன்னிடமிருந்த மற்ற புத்தகங்களை ஓரம் கட்டிவிட்டு, மின்னணுவியல் நூல்களை மட்டும் படிக்க ஆரம்பித்தார். கொலோனுக்கு வெளியே ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தார். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். நெருங்கிய நண்பர்களுக்குக்கூட விஷயம் தெரியாது. ஓர் இசைக்காரர் பூட்டிய அறைக்குள் பெட்டிகளின் பின்மூடியைக் கழற்றிவிட்டு என்னதான் செய்துகொண்டிருந்தார்?

அவர் பிக்சர் டியூபைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடிக் குழாயின் கழுத்துப் பகுதியில் சூடேறும் உலோக முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து வரும். திரையின் உட்புறத்தில் பாஸ்பர் பூசியிருப்பார்கள். எலக்ட்ரான் கற்றை எந்த இடத்தில் மோதுகிறதோ அந்த இடம் ஒளிரும். குழாயின் கழுத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள்கள். ஒரு ஜோடி, கற்றையை இடமிருந்து வலமாக இழுக்கும். இன்னொரு ஜோடி, மேலிருந்து கீழாக இழுக்கும். தறியில் நாடா ஓடி ஓடித் துணி நெய்வதைப் போல அந்த ஒற்றைக் கற்றை கோடு கோடாக ஓடிப் படத்தை நெய்கிறது. ஐரோப்பியத் தொலைக்காட்சியில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். திரையில் எந்த நொடியிலும் முழுப் படம் என்று ஒன்று இருப்பதே இல்லை. ஓடும் ஒரு புள்ளி மட்டும்தான் இருக்கிறது. மிச்சத்தைப் பாஸ்பரின் ஒளியும் மனிதக் கண்ணும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. அந்தப் புள்ளியின் கடிவாளம் கையில் கிடைத்துவிட்டால்?

1963 மார்ச் 11. வூப்பர்டால் நகரில் ரோல்ஃப் யேர்லிங் என்ற கட்டடக் கலைஞர் தன் வீட்டிலேயே ‘பர்னாஸ்’ என்ற கலைக்கூடத்தை நடத்திவந்தார். அந்த வீடு முழுவதையும் பைக்கிடம் ஒப்படைத்திருந்தார். ‘இசைக் கண்காட்சி – மின்னணுத் தொலைக்காட்சி’ என்பது நிகழ்ச்சியின் பெயர். ரகசிய அறையில் மாற்றி அமைக்கப்பட்ட தொலைக்காட்சிகள் வூப்பர்டாலுக்கு வண்டியேறின. ஒன்றில், வானொலியின் ஒலி கூடக் கூடத் திரையின் நடுவே ஓர் ஒளிப்புள்ளி பெரிதாகும். இன்னொன்று ஒலிப்பதிவுக் கருவியோடு இணைக்கப்பட்டிருந்தது, பாட்டுக்கு ஏற்பப் படம் நெளியும். மற்றொன்றில் மைக். பேசுகிறவரின் குரல் திரையில் ஒளிச் சிதறலாக வெடிக்கும். எல்லாம் திட்டமிட்டபடி தயார். வழியில்தான் விபரீதம் நடந்தது.

வண்டியில் ஏற்றி இறக்கியதில் இரண்டு பெட்டிகள் அடிபட்டுவிட்டன. ஒன்றைச் சரிசெய்ய வழியில்லை. இன்னொன்றில் படமே வரவில்லை. கருந்திரையின் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒரு காலத்தில் இதைப் பார்த்துப் பதறாதவர்கள் கிடையாது. ‘கோடு விழுந்துடுச்சு’ என்று மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்கள். கற்றையை மேலும் கீழும் இழுக்கும் சுற்று செத்துப்போனால் வரும் கோளாறு அது. கண்காட்சி தொடங்கும் நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெட்டியைத் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள்.

பைக் அதைப் போடவில்லை. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தி வைத்தார். படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. ‘தொலைக்காட்சிக்கான ஜென்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். உயிரே இல்லாத இன்னொரு பெட்டியைத் தரையில் முகம் குப்புறக் கவிழ்த்து, ‘ரெம்பிராண்ட் ஆட்டோமேட்டிக்’ என்று பெயர் சூட்டினார். அந்த ஒற்றைக் கோட்டில் ஓர் அறிவியல் அதிசயமும் ஒளிந்திருந்தது. ஒளிபரப்பு நின்றுவிடவில்லை. செய்தி வாசிப்பவரின் முகமும், கால்பந்தாட்ட மைதானமும், விளம்பரமும் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் வந்துகொண்டுதான் இருந்தன. 625 கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே ஒரு கோட்டில் மடிந்து விழுந்தன. உலகம் முழுவதும் ஒரு கோட்டுக்குள் அடங்கிவிட்டது. மாதக்கணக்கில் கம்பிகளோடு மல்லுக்கட்டிச் செய்தவற்றைவிட, வண்டிக் குலுக்கலில் பிறந்த இந்தப் படைப்புதான் பிற்காலத்தில் அருங்காட்சியகங்கள் தேடிவந்த படைப்புகளில் ஒன்றாக ஆனது. ஆனால் அன்று மாலை அந்த வீட்டில் யாருடைய கண்ணும் அந்தக் கோட்டின்மேல் நிலைக்க வாய்ப்பில்லை.

காரணம், வாசலில் தொங்கிய மாட்டுத் தலை. அப்போதுதான் வெட்டிய தலை அது. அதைத் தாண்டி உள்ளே போனவர்களை நான்கு பியானோக்கள் வரவேற்றன, மூடிக்குள்ளும் கட்டைகள்மேலும் என்னென்னவோ பொருள்கள் ஒட்டி, கட்டி, செருகியபடி. அந்தக் கூட்டத்தில் டியூசல்டார்ஃப் கலைக் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் பாய்ஸ் இருந்தார். யாரும் எதிர்பாராத நொடியில் கோடரியோடு பாய்ந்து ஒரு பியானோவைப் பிளந்து தள்ளினார். கண்காட்சி நடந்தது பத்து நாள், மாலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைதான். ஜெர்மனியில் அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பே மாலையில்தான். ஒளிபரப்பு இல்லாவிட்டால் வளைப்பதற்குப் படமும் இல்லை. அந்த இரவைப் பற்றிப் பேசத் தொடங்கும் யாரும் கோடரியில்தான் தொடங்கினார்கள். பைக் கையிருப்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டு, மறுபடி ஜப்பானுக்குக் கப்பல் ஏற வேண்டிய நிலை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை, டோக்கியோவில் ஷூயா அபே இருந்ததால். தொலைக்காட்சி நிறுவனத்தில் பொறியாளர். கலைஞன் கேட்பதைக் கிறுக்குத்தனம் என்று தள்ளாமல், எந்தச் சுற்றை எங்கே இணைத்தால் அது நடக்கும் என்று உட்கார்ந்து யோசிக்கிற ஆள். கலை வரலாற்றில் அபூர்வமான கூட்டணி அது. வூப்பர்டாலில் எல்லாம் கறுப்பு வெள்ளை. இப்போது வண்ணத் தொலைக்காட்சியில் பரிசோதனை தொடங்கியது. வண்ணக் குழாயில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கற்றைகள். கொஞ்சம் பிசகினாலும் நிறம் மாறிவிடும். மற்றவர்களுக்குத் தலைவலியாக இருந்த அந்தப் பிசகுதான் இவர்களுக்கு வண்ணப்பெட்டி. கூடவே ரேடியோ அலைகளால் இயங்கும் ஒரு ரோபோவையும் செய்தார்கள். மோட்சார்ட்டின் பியானோ இசைப் படைப்பு ஒன்றின் பட்டியல் எண்ணையே அதற்குப் பெயராக்கி ‘கே–456’ என்று அழைத்தார்கள். அது நடந்தது, பேசியது, பீன்ஸ் விதைகளைக் கழிவாக உதிர்த்தது. 1964இல் பைக் அந்த ரோபோவோடு நியூயார்க் போய் இறங்கினார். அங்கே அவருக்குத் தேவைப்பட்ட அடுத்த கருவி, பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கிற சாதாரணப் பொருள்.

அது ஒரு லாட காந்தம். 1965இல் பெரிய லாட காந்தம் ஒன்றை 17 அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் தலையில் வைத்தார் பைக். ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி சுருண்டு, விரிந்து, திரையில் இதழ் இதழாக ஒளி வடிவங்கள் எழுந்தன. ஓடும் மின்னூட்டத்தைக் காந்தப் புலம் திசைமாற்றும் என்பது இயற்பியல் பாடம். கழுத்துச் சுருள்கள் செய்வதும் அதேதான். அந்தச் சுருள்களோடு வெளியிலிருந்து ஒரு காந்தம் போட்டிக்கு வந்ததும் எலக்ட்ரான்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு புதுப் பாதையைத் தேடிக்கொண்டன. காந்தத்தை நகர்த்தினால் உருவம் மாறும். பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒளிபரப்பை, ஒரு தனிமனிதன் தன் கையால் மாற்றி வரைகிறான். வீட்டுக்குள் பேசுவதை மட்டுமே செய்துவந்த பெட்டி, இப்போது கைக்குப் பணிந்தது. ஆனாலும் ஒரு குறை இருந்தது. வளைப்பதற்குப் படம் வேறு எங்கிருந்தோதான் வர வேண்டியிருந்தது.

அந்தக் குறை அதே ஆண்டு அக்டோபரில் தீர்ந்தது. சோனி நிறுவனத்தின் வீடியோ கருவி ஒன்று பைக்கின் கைக்கு வந்தது. அக்டோபர் 4 அன்று போப் ஆறாம் பால் நியூயார்க் வந்திருந்தார். நகரமே தெருவில். வாடகைக் காரில் போக்குவரத்து நெரிசலில் சிக்கிய பைக் அந்த ஊர்வலத்தைப் படம் பிடித்து, அன்று மாலையே கிரீனிச் வில்லேஜின் ‘கஃபே ஆ கோ கோ’வில் போட்டுக் காட்டினார் என்பது கலை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஊர்வலத்தில் எடுக்கப்பட்டதா, எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த மாதம் அந்த இடத்தில் வீடியோ நாடா கலையாகக் காட்டப்பட்டது என்பதில் சர்ச்சை இல்லை. சினிமாப் பிலிமைக் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பிரதி எடுக்க வேண்டும். வீடியோவுக்கு அது எதுவும் வேண்டாம். எடுத்த கையோடு பார்க்கலாம். இன்னும் ஒரு படி போனால், எடுக்கும்போதே பார்க்கலாம். அந்தக் கடைசிப் படியில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

1969 மே மாதம் நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் கலைக்கூடத்தில் ‘படைப்பு ஊடகமாகத் தொலைக்காட்சி’ என்ற கண்காட்சி. அதில் பைக்கின் படைப்புகளோடு, ஃபிராங்க் கில்லெட், ஐரா ஷ்னைடர் இருவரும் செய்த ஒன்பது திரைகள் கொண்ட சுவரும் இருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் தங்கள் உருவத்தையே அந்தத் திரைகளில் கண்டார்கள். சில திரைகளில் உடனே, சில திரைகளில் சில நொடிகள் கழித்து. கேமராவும் திரையும் ஒரே அறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று கலைஞர்கள் கூட்டமாக ஆராயத் தொடங்கிய காலம் அது. பைக் தன் பங்குக்கு அபேயை அமெரிக்காவுக்கு வரவழைத்தார். பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் ஆதரவில் இருவரும் ஒரு வீடியோ சிந்தசைசரை உருவாக்கினார்கள். கேமராப் படங்களை நிறம் ஏற்றி, கலந்து, உருக்கி ஓடவிடும் கருவி. 1970 ஆகஸ்ட் 1 அன்று அது நேரலையில் நான்கு மணி நேரம் ஓடியது. பைக் இப்போது பெயர் பெற்ற கலைஞர். வண்ணம், வேகம், சிக்கலான கருவிகள் என்று எல்லாமே வளர்ந்துகொண்டே போயின. அடுத்து வரப்போவது இன்னும் பிரம்மாண்டமாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள்.

1974. நியூயார்க்கின் போனினோ கலைக்கூடத்தில் பைக்கின் நான்காவது கண்காட்சி. படைப்புகளை அடுக்கி முடித்துப் பார்த்தால் ஒரு சுவர் காலி. திறப்புக்கு நேரம் இல்லை. புதிதாக ஒரு கருவியைச் செய்து நிறுத்த அவகாசமும் கிடையாது. வெறும் சுவரோடு கண்காட்சியைத் திறப்பதா? அந்த நெருக்கடியில் பைக்குக்குத் தன்னிடம் கிடந்த ஒரு பொருள் ஞாபகம் வந்தது. கலைக்காக வாங்கியதல்ல. பின்னால் விலை ஏறும், முதலீடாக இருக்கட்டும் என்று எப்போதோ வாங்கிப் போட்டிருந்த பழைய மரச் சிலை.

தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலை. அதைக் கொண்டுவந்து காலிச் சுவரோரம் வைத்தார். எதிரே ஒரு தொலைக்காட்சி. புத்தர் டிவி பார்க்கிறார். கடைசி நேரத்தில் இடம் நிரப்ப வந்த யோசனை அவ்வளவுதான். பார்த்தவர் புன்னகைத்துக் கடந்துபோகக்கூடிய ஒரு வேடிக்கை. அதோடு நின்றிருந்தால் அந்தக் கண்காட்சியோடு அதுவும் மறந்துபோயிருக்கும். ஆனால் திரையில் எதைக் காட்டுவது என்ற கேள்வி மிச்சமிருந்தது. செய்தியா, விளம்பரமா, தன்னுடைய சிந்தசைசர் வண்ணங்களா? பதினோரு ஆண்டு அனுபவமும் அந்த நொடியில் துணைக்கு வந்தது. பைக் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு வீடியோ கேமராவை நிறுத்தி, அதன் கண்ணைப் புத்தரை நோக்கித் திருப்பினார்.

இன்று கலை மாணவர்களின் பாடப்புத்தகத்தில், அருங்காட்சியகச் சுவரொட்டிகளில், வீடியோ கலை என்றதும் முதலில் வந்து நிற்கும் ‘டிவி புத்தர்’ பிறந்தது அப்படித்தான். புத்தர் திரையைப் பார்க்கிறார். திரையில் அவரே இருக்கிறார். அங்கேயிருந்து அவரைப் பார்க்கிறார். பதிவு செய்த படம் அல்ல, அந்தந்த நொடியின் நேரலை. அமெரிக்க முறையில் ஒரு படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு 30 படங்கள். அப்படியானால் எலக்ட்ரான் கற்றை நொடிக்கு 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகளை இழுத்தபடி பறக்கிறது. கேமராவுக்குள்ளும் அதே வேகத்தில் ஒரு கற்றை ஓடுகிறது. இவ்வளவு ஓட்டமும் எதற்காக? இம்மியும் அசையாத ஒரு சிலையை அசையாமல் காட்டுவதற்காக. அசையும் படத்துக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட கருவி, முழு மூச்சாக ஓடி நிச்சலனத்தை உருவாக்குகிறது. தோன்றுவது எதுவும் நிரந்தரம் இல்லை என்று போதித்தவரின் முகம், நொடிக்கு முப்பது முறை அழிந்து முப்பது முறை பிறக்கிறது. பார்க்க வந்தவர் எட்டி எட்டிப் பார்த்தால், சிலையின் தோளுக்குப் பின்னால் அவர் தலையும் திரையில் முளைத்துவிடும். பார்ப்பவரும் பார்க்கப்படுபவர் ஆகிவிடுவார். இதற்கு மேல் ஒரு திருப்பம் இருக்க முடியுமா?

இருந்தது. அதே 1974இல் கொலோன் நகரில் நடந்த ஒரு பெரிய கலைக் கண்காட்சியில் புத்தரின் இடத்தில் பைக்கே போய் அமர்ந்தார். கேஜின் டையை வெட்டிய அதே நகரம். குறுநகையோ கலாட்டாவோ இல்லாமல், தன் முகத்தையே பார்த்தபடி இருந்தார். போரிலிருந்து தப்பி நாலைந்து நாடுகளைத் தன் ஊராக்கிக்கொண்ட மனிதர், கீழை நாட்டின் தியானத்தையும் மேலை நாட்டின் பெட்டியையும் தன் உடம்பால் இணைத்துக் காட்டினார். 1974இன் அந்த முதல் டிவி புத்தர் இப்போது ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பைக் அதன் பிறகு வேறு வேறு புத்தர்களையும் வேறு வேறு திரைகளையும் கொண்டு அதைப் பலமுறை படைத்தார். இடைவெளியை அடைக்க வந்தது, அவர் பெயரையே தாங்கி நிற்கும் படைப்பானது. ஆனால் அதன் உயிர் ஒரு கண்ணாடிக் குழாயில் இருந்தது. அந்தக் குழாய்க்கே ஒரு நாள் ஆபத்து வந்தது.

1984இல், முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, பைக் கொரியாவில் காலடி வைத்தார். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று நியூயார்க்கையும் பாரீஸையும் செயற்கைக்கோள் வழியே இணைத்து அவர் நடத்திய நேரலைக் கலை நிகழ்ச்சியைக் கொரியாவும் பார்த்திருந்தது. 1988இல், சியோல் ஒலிம்பிக் ஆண்டில், குவாச்சோனில் உள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1,003 தொலைக்காட்சிகளை 18 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்குக் கோபுரமாக எழுப்பினார். நாட்டின் தொடக்க நாளாகக் கொரியர்கள் கொண்டாடும் அக்டோபர் 3ஐக் குறிக்கும் எண் அது. 2006 ஜனவரியில் மயாமியில் பைக் மறைந்தார். அதற்குள் உலகம் தட்டைத் திரைகளுக்கு மாறத் தொடங்கிவிட்டது. பிக்சர் டியூப் செய்யும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோபுரத்தின் பெட்டிகள் வரிசையாகக் கண்ணை மூடின. 2018 பிப்ரவரியில் பாதுகாப்புக் காரணங்களால் மின்சாரமே துண்டிக்கப்பட்டது. வண்டியில் அடிபட்ட பெட்டியையே கலையாக்கியவரின் ஆயிரம் பெட்டிகளை என்ன செய்வது?

அருங்காட்சியகம் இரண்டு வழிகளைக் கையாண்டது. பழைய குழாய்களையும் உதிரி பாகங்களையும் தேடிச் சேகரித்து, 737 பெட்டிகளை மெக்கானிக்குகள் உயிர்ப்பித்தார்கள். மீட்கவே முடியாத 266 பெட்டிகளில், பழைய பெட்டியின் வடிவம் மாறாமல் உள்ளே தட்டைத் திரை பொருத்தினார்கள். 2022 செப்டம்பரில் கோபுரம் மறுபடி ஒளிரத் தொடங்கியது. புதிய திரை வந்தால் அது பழைய படைப்பா என்ற விவாதம் உலகின் அருங்காட்சியகங்களில் இன்னும் ஓயவில்லை. பழுதானதை மாற்றுவதற்குப் பைக் உயிரோடு இருந்தபோதே தடை சொன்னவர் இல்லை. ‘தொலைக்காட்சிக்கான ஜென்’ பிறந்தபோது அவரைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. அந்தக் கோடு ஏன் விழுந்தது, எந்தச் சுருள் செத்தது, கற்றை எங்கே சிக்கியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலிச் சுவருக்கு முன்னால் நின்றபோதும் கேமராவும் திரையும் ஒன்றையொன்று பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விபத்தும் நெருக்கடியும் எல்லாக் கலைஞர்களுக்கும்தான் வருகின்றன. பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் படித்திருந்தவருக்கு மட்டும் அவை படைப்பாக மாறின. அதனால்தான் இன்று டிவி புத்தருக்கு எதிரே உள்ள திரை மங்கினால், அருங்காட்சியகம் கலை விமர்சகரோடு ஒரு மெக்கானிக்கையும் கூப்பிடுகிறது. சுற்றுப் படத்தை விரித்து வைத்து, எந்தப் பாகம் போயிற்று என்று பார்ப்பதிலிருந்து அந்தக் கலையின் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது.